பதினேழாவது நாற்காலி

ஒன்பதாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொம்மையைப் பெரியவள் மவுஸால் ஒரு தட்டுத் தட்டினாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"என்னக்கா, கூப்பிட்டியா?"

"இல்லடி. நீ வேலையப் பாரு."

சனிக்கிழமை மத்தியானம். காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. வெளியே காயப்போட வழியில்லாமல் அம்மா ஈரத்துணிகளைக் கூடத்திலேயே கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அந்த ஈர வாடையும், சாப்பாட்டு மேஜையில் நாலு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பின் சூட்டு வாடையும் கலந்து பெரியவளுக்குத் தலை கனத்தது. மேஜைக்கு நேர் எதிரே நடை, நடையின் கோடியில் உள்ளறை. கதவு முழுசாகத் திறந்திருந்ததால் அங்கே மேஜையருகே உட்கார்ந்திருந்த சின்னவளின் ஒரு பக்கத்து முகமும் பின்னலும் தெரிந்தன. மழைச் சத்தத்துக்குள்ளே சின்னவளின் கீபோர்டுச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. நிற்காமல் கேட்டது. அதுதான் பெரியவளுக்கு வயிற்றெரிச்சல்.

வயிற்றெரிச்சல் என்ன, பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்புவானேன்? இந்தக் கம்பெனியில் பெரியவள் சேர்ந்து எட்டு வருஷம். போன வருஷம் சின்னவளை உள்ளே கொண்டுவந்ததே அவள்தான். "என் தங்கச்சிங்கறதுக்காகச் சொல்லல சார், நல்லா வேலை செய்வா" என்று மேனேஜரிடம் வாய்விட்டுச் சொன்னாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். அன்றிலிருந்து அக்கா சொன்னால் ஃபோனை நோண்டிக்கொண்டிருப்பவர்கள், அதையே தங்கை சொன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போன வாரம் மீட்டிங்கில் பெரியவள் ஒரு யோசனை சொன்னாள். மேனேஜர் சின்னவளைப் பார்த்து "பிரமாதம்மா" என்றார். சின்னவள் அன்றைக்கு வாயையே திறக்கவில்லை.

சின்ன வயசிலிருந்தே இந்தக் கதைதான். பெரியவள் முடியைக் குட்டையாக வெட்டினால் இவளும் வெட்டுவாள். பெரியவள் எடுத்த படிப்பையே எடுத்தாள். நடை, சிரிப்பு, பேனா பிடிக்கும் விதம்கூட அப்படியே. "அக்காவ அச்சடிச்சு வெச்ச மாதிரி இருக்காளே" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லும்போது ஒரு காலத்தில் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அந்த வார்த்தை காதில் விழுந்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று மாலை மேனேஜர் இருவரையும் கூப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார். "திங்கட்கிழமை காலைல கஸ்டமர் வந்துருவாங்க. ரெண்டு பேரும் பாருங்க. யாரு முதல்ல சரி பண்றீங்களோ, அவங்கதான் புது டீமுக்கு லீட்." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி வீட்டில் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். தட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு லேப்டாப் திறந்திருந்தது.

சிக்கல் இதுதான். ஆபீஸ் மாடி ஒன்றின் வரைபடம். நாற்பத்திரண்டு நாற்காலி, நாற்பத்திரண்டு பொம்மை. எந்தப் பொம்மையைத் தட்டுகிறோமோ அந்த ஆளின் பெயரும் இடமும் பக்கத்துக் கட்டத்தில் வர வேண்டும். நாற்பத்திரண்டையும் தனித்தனியாக வரைய யாருக்கும் பைத்தியமில்லை. எஸ்விஜி என்கிற கம்ப்யூட்டர் படத்தில் ஒரு வசதி உண்டு. ஒரே ஒரு பொம்மையை வரைந்து கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, அதை 'யூஸ்' செய் என்று ஒரு வரி எழுதினால் போதும், சொன்ன இடத்தில் அதன் நகல் வந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை நகல் வேண்டுமானாலும் கேட்கலாம். அசலின் நிறத்தை மாற்றினால் அத்தனை நகலும் நிறம் மாறும். அசலை அழித்தால் அத்தனையும் போய்விடும். நகலுக்கென்று சொந்தமாகக் கையுமில்லை, காலுமில்லை. இப்போது என்ன கோளாறு என்றால், எந்த நகலைத் தட்டினாலும் அந்தத் தட்டு அதற்குப் போய்ச் சேராமல் நேரே அசலுக்குப் போய்விடுகிறது. அசலுக்குத்தான் நாற்காலியே கிடையாதே. கட்டம் காலியாக நின்றது.

பரிசோதனைக்காகத் தங்கள் ஆபீஸையே படத்தில் போட்டிருந்தார்கள். பதினேழு பெரியவளுடையது, பதினெட்டு சின்னவளுடையது. இருவரும் திறந்து வைத்திருந்ததும் ஒரே பக்கம்தான். ஒருத்தி திருத்தி ஏற்றினால் மற்றவள் திரையிலும் அது வந்துவிடும். அந்தப் பொம்மையை வரைந்தது பெரியவள். சின்னவள் வேலைக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், கண்ணாடியில் தன்னையே பார்த்து விளையாட்டாக வரைந்தது.

இருபத்தாறைத் தட்டினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மவுஸ் சத்தம் அவளுக்குக் கேட்கிறதோ என்னவோ. திரையில் காலியிடத்தைப் பார்த்து நாலைந்து முறை தட்டினாள். உள்ளறையில் கீபோர்டு ஓடிக்கொண்டே இருந்தது. வரைபடத்தில் சுவரைத் தட்டினாள், கதவைத் தட்டினாள். ஒன்றுமில்லை. நாற்பதாவது நாற்காலியில் இருந்த பொம்மையைத் தட்டினாள்.

"என்னக்கா, கூப்பிட்டியா?"

பெரியவள் சட்டென்று மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, என்ன பிறவியோ, அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று, பதினொன்று, இருபது, முப்பத்தைந்து என்று கண்டபடி பத்துப் பதினைந்து பொம்மைகளைப் படபடவென்று தட்டினாள்.

நாற்காலி இழுபடும் சத்தம். சின்னவள் நடையில் நடந்து வந்து மேஜையருகே நின்றாள். இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ தோள்ல தட்டிட்டே இருக்கற மாதிரி இருக்குக்கா. காலைலேர்ந்து."

"ராத்திரி சரியாத் தூங்கியிருக்க மாட்ட."

"நான் பொம்மையத் தட்டிப் பாக்கறப்பவும் அப்படித்தான் இருக்கு." சின்னவள் சட்டைக் கழுத்தைச் சற்று விலக்கிக் காட்டினாள். தோளில் விரல் நுனி அளவுக்குச் சிவந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல. "இப்ப நீ எதத் தட்டின?"

"எதையோ தட்டினேன். போடி, போய் வேலையப் பாரு."

சின்னவள் உடனே போகவில்லை. அக்காவின் திரையைப் பார்த்தாள். மவுஸைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் கிடந்த வாசல் பூட்டைப் பார்த்தாள். வெளியே போய்விட்டு வந்தால் பூட்டை எடுத்த இடத்தில் மாட்டும் பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது, இந்த மேஜைமேல்தான் போடுவாள். கைக்கு அடங்காத கனத்த இரும்புப் பூட்டு. சின்னவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே போனாள்.

கீபோர்டுச் சத்தம் மறுபடி தொடங்கியது.

பெரியவள் இந்த முறை ஒரு பொம்மையின் மேல் மவுஸ் பட்டனைத் தட்டாமல், அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொண்டாள். திரையில் பொம்மை கருஞ்சிவப்பாக மாறியது. உள்ளறையில் சத்தம் நின்றது. ஒரு சொல்லின் நடுவில் நின்ற மாதிரி நின்றது. விரலை எடுத்தாள். சத்தம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. மறுபடி அழுத்தி இருபதுவரை எண்ணினாள். இருபது எண்ணும்வரை மழையைத் தவிர வேறு சத்தமில்லை. எடுத்தாள். ஓடியது.

நல்ல மனசாக இருந்தால் அங்கேயே லேப்டாப்பை மூடியிருக்கும். பெரியவளுக்குத் தோன்றியதோ வேறு. இது அழுந்தியிருக்கும்வரை அவளால் ஓர் எழுத்துக்கூட அடிக்க முடியாது. திங்கட்கிழமைக்கு முன்னால் அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவுதானே வேண்டும்? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள் உண்டு. பெரியவள் கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்கிற ஜாதி. ஒரு பொம்மையின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தி, பட்டனை அழுத்தி, பூட்டைத் தூக்கி மவுஸின் மேல் வைத்தாள்.

உள்ளறை அடங்கியது.

காபி போட்டுக் குடிக்கலாம் என்று எழுந்தாள். நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. ரொம்ப நாளைக்கப்புறம்.

அம்மா சமையலறையில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"காபி இருக்காம்மா?"

"கொஞ்சம் இரு சின்னவளே."

"நான் பெரியவம்மா."

"யாரோ ஒருத்தி." அம்மா திரும்பவில்லை. "குரல் ஒண்ணாத்தான் இருக்கு."

பெயரை மாற்றிக் கூப்பிடாத அம்மா உண்டா? ஆனாலும் பெரியவளுக்குச் சுருக்கென்றது. "அவதான் என்னப் பாத்துப் பாத்து எல்லாத்தையும் செய்யறாளே, அப்புறம் ஒண்ணாத்தான் இருக்கும். அந்தப் பச்சை கவுன் ஞாபகமிருக்கா? எனக்குத் தைச்சதப் பாத்துட்டு, அதே மாதிரி வேணும்னு அழுது ஊரக் கூட்டினாளே."

"நல்லாருக்குடி கதை." அம்மா சிரித்தாள். "முதல்ல தைச்சது அவளுக்கு. நீதான் அவளப் பாத்துட்டு எனக்கும் வேணும்னு தரைல புரண்ட. அப்புறம் உனக்குத் துணி பத்தாம, கைய ஒட்டுப் போட்டுத் தைச்சேன்."

"அவ எனக்கு மூணு வயசு சின்னவம்மா. நான் எதுக்கு அவளப் பாத்து?"

"பொறந்தது என்னவோ நீதான் முன்னாடி" என்றாள் அம்மா. பால் பொங்கி வந்தது. அடுப்பைக் குறைப்பதில் பேச்சை விட்டுவிட்டாள்.

பெரியவள் காபிக்கு நிற்கவில்லை. கூடத்துக்கு வந்தாள். ஒட்டுப் போட்ட கை. அந்தத் தையல் அக்குளில் உறுத்தியது அவளுக்கு இப்போது, இந்த நிமிஷம், ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் வராத ஞாபகம். நடையில் நடந்து உள்ளறை வாசலில் நின்றாள்.

சின்னவள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் கீபோர்டுக்கு நாலு விரற்கடை மேலே நின்றன. எதன்மேலும் ஊன்றாமல் நின்றன. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, மேஜையில் காகிதங்கள் படபடத்தன. அவள் பின்னல் அசையவில்லை. நெற்றியில் இடது பக்கம் சுருண்டு விழுந்த முடி அசையவில்லை. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. சிவந்து, ஓரத்தில் நீர் கட்டி, ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்து தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கிக்கொண்டே இருந்தது.

மார்பு ஏறி இறங்கவில்லை.

பெரியவள் ஓடினாள். கொடியில் கிடந்த ஈரத்துணி முகத்தில் அறைந்தது. பூட்டைப் பிடுங்கித் தள்ளினாள். மேஜைமேல் அது உருண்டு நின்றது. உள்ளறையிலிருந்து ஒரு நீண்ட மூச்சு, தண்ணீருக்குள் இருந்து வெளியே வந்தவள் இழுப்பதுபோல. பிறகு கீபோர்டு ஓடியது.

"என்னக்கா," தொண்டை கரகரத்திருந்தது, "கூப்பிட்டியா?"

"இல்லடி. நீ வேலையப் பாரு."

திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அம்புக்குறி, பூட்டை வைத்தபோது நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் அது எந்த நாற்காலி என்று பார்த்தாள்.

பதினேழு.

தன்னுடைய நாற்காலி. தன்னையேதான் அழுத்தியிருந்தாள். தன்னைத்தான் இவ்வளவு நேரமும். அப்படியும் போய்ச் சேர்ந்தது சின்னவளுக்கு.

பயந்திருக்க வேண்டும். பயந்தாள்தான். ஆனால் பயத்துக்கு மேலே அந்தப் பழைய நெருப்பு எழும்பி வந்தது. என் நாற்காலியைத் தொட்டால்கூட அவள்தானா? நான் சொன்னதற்கு அவளுக்குப் பாராட்டு. நான் கேட்ட காபிக்கு அவள் பெயர். என் கவுனுக்கு அவள் கவுன் அசல். என்னைக் கிள்ளினால் வலிகூட அவளுக்கா போக வேண்டும்? எனக்கென்று ஒரு தட்டுக்கூடக் கிடையாதா?

மறைவான பகுதியைத் திறந்து அசல் பொம்மையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் வரைந்த முகம். நெற்றியில் சுருண்டு விழும் முடி. இடது பக்கம். கை தானாகத் தன் நெற்றிக்குப் போனது. தன்னுடையது வலது பக்கம். கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால் மாறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்லிக்கொள்ளும்போதே அந்தப் பக்கத்தை மூடிவிட்டாள்.

கோளாறு செய்யும் வரியைத் தேடினாள். வெறி பிடித்தவள்போலத் தேடினாள். கால் மணி நேரத்தில் கிடைத்தது. தட்டப்பட்டது எதன் நகல் என்று கேட்டு, அதன் அசலுக்குச் செய்தியைக் கொண்டுபோ என்று ஒரு வரி. எந்தப் புண்ணியவதி எழுதியது என்று பதிவைப் பார்த்தாள். சின்னவள் பெயர் இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். தன் பெயர்தான் இருந்தது. இரண்டு வருஷமாக அங்கேதான் இருந்தது.

அந்த வரியை அழித்தாள். அசலைக் கேட்காதே. அந்த நாற்காலியில் இருப்பது எதுவோ, அதுவே பதில் சொல்லட்டும். அப்படி எழுதினாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். சரிபார்த்தாள். ஏற்றினாள்.

இனி பதினேழு என்றால் நான். நான் மட்டும்.

கெலித்துவிட்டேன் என்று மேனேஜருக்குச் செய்தி அடிக்க ஃபோனை எடுக்கப் போனாள்.

உள்ளறையில் கீபோர்டு நின்றது. நாற்காலி இலேசாகக் கிறீச்சிட்டது. ஒரு மவுஸ் சத்தம். ஒரே ஒரு தட்டு.

பெரியவளின் இடது தோளில் ஒரு விரல் தட்டியது.

திரும்பினாள். ஈரத்துணிகள். சுவர். யாருமில்லை. வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை. அதுவாகத் திறந்தது.

"என்னக்கா, கூப்பிட்டியா?"

குரல் அவளுடையதுதான். சின்னவளுடையதும் அதுதான். நடையின் கோடியிலிருந்து பதில் வந்தது. நிதானமாக, கொஞ்சம் எரிச்சலாக, எட்டு வருஷ அனுபவத்தோடு.

"இல்லடி. நீ வேலையப் பாரு."

பெரியவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தட்டு. விரல்களுக்கு நடுவே வந்தது அது. "என்னக்கா?" தட்டு. "என்னக்கா?" லேப்டாப்பை இழுத்து, அழித்த வரியைத் திரும்ப எழுத வேண்டும். எழுத வேண்டும். கண்ணில் நீர் முட்டி எழுத்து தெரியவில்லை. பத்து விரலையும் கீபோர்டை நோக்கிக் கொண்டுபோனாள்.

அழுத்தம்.

விரல்கள் கீழே போகவில்லை.

திரையில் பதினேழாவது பொம்மை கருஞ்சிவப்பாக இருந்தது. கத்தினாள். சத்தம் வரவில்லை. மூச்சு இழுத்தாள். வரவில்லை. அப்புறம் அழுத்தம் விட்டது. அரை மூச்சு. அவ்வளவுதான். மறுபடி அழுத்தம்.

இருபதுவரை எண்ணுகிறாள், அங்கே.

விட்டாள். முழு மூச்சு ஒன்று. எழுந்துவிடலாம் என்று பெரியவள் மேஜையைப் பிடித்தாள். எதிரே சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள்? இடது நெற்றி முடி ஃபேன் காற்றில் ஆடியது. கண் இன்னும் சிவந்திருந்தது. கோபமில்லை அந்த முகத்தில். குறும்பு செய்த பிள்ளையைப் பார்க்கும் பார்வை.

"சரி பண்ணிட்ட போலிருக்கே" என்றாள். "கெட்டிக்காரி."

கையை நீட்டி மேஜைமேல் கிடந்த பூட்டை எடுத்துக்கொண்டாள். கனம் பார்ப்பதுபோல ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். நடையில் திரும்பி நடந்தாள். அவசரமில்லாமல். பெரியவளின் நடை அது.

வேண்டாம்டி. வேண்டாம்டி. பெரியவள் கீபோர்டின் மேல் பாய்ந்தாள்.

இரும்பு பிளாஸ்டிக்கில் உட்காரும் சின்னச் சத்தம்.

மழை விட்டிருந்தது. அதனால் எல்லாம் கேட்டது. உள்ளறை நாற்காலி பின்னுக்குத் தள்ளப்பட்டது. சமையலறையில் டம்ளர் இரண்டு எடுக்கப்பட்டன. இரண்டுதான்.

"பெரியவளே," அம்மாவின் குரல். "காபி ஆறுது பாரு."

"இதோ வந்துட்டேம்மா" என்றாள் சின்னவள்.

மேஜையில், கீபோர்டுக்கு நாலு விரற்கடை மேலே, பத்து விரல்கள். இமைக்காத இரண்டு கண். அவற்றுக்கு நேர் எதிரே நடை. நடையின் கோடியில் காலி நாற்காலி. மவுஸ். அதன்மேல் பூட்டு.

சமையலறையில் அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தாள். கூடவே இன்னொரு சிரிப்பு. கன்னத்தில் வழிந்த சொட்டு தாடைக்கு வந்து தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்தது.